ஒன்பதாவது கேள்வி

அத்தியாயம் 14

காலை எட்டரை மணிக்குள் ஸ்ரீலேகா நாலு பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டாள். எதுவும் கைதவறி விழவில்லை. எல்லாம் வேண்டுமென்றே வைத்ததுதான். பாம்பே கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில், இரண்டாவது மாடி வீட்டில் யாருக்குக் கோபம் என்பதைக் கீழே இருக்கும் வாட்ச்மேனே சொல்லிவிடுவான்.

கோபத்தின் காரணம் விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஸ்ரீலேகாவுக்கு வயது நாற்பத்து நாலு. கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. அவளிடமே வேலை கற்றுக்கொண்ட சாதனா, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவளுக்கே மேலதிகாரி ஆகிவிட்டாள். கையில் கேக் துண்டோடு எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீலேகா நேரே கம்பெனித் தலைவி ருக்சானா மேடத்தின் அறைக்குப் போனாள். கதவைக்கூடச் சாத்தாமல், "என்கிட்ட என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டாள்.

மேடம் கோபப்படவில்லை. "லீவில் உங்கள் பழைய ஃபார்ம்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் என்மேல் கோபம் இருந்தால் வந்து கத்துங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த வாக்கியம் ஐந்து நாளாக ஸ்ரீலேகாவின் காதைக் குடைந்துகொண்டிருந்தது. இன்று டிசம்பர் இருபத்தொன்பது. ஆபீஸ் புத்தாண்டு வரைக்கும் பூட்டு. ஆனால் ஃபார்ம் மட்டும் திறந்தே இருக்கிறது. வருஷம் முழுக்க மாடாய் உழைத்துவிட்டு, கிடைக்கிற ஏழு நாள் லீவில் 'நான் எப்படி வளர்ந்தேன், இனி எப்படி வளரப்போகிறேன்' என்று ஒன்பது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் விடுமுறையாம்.

"பாயிண்ட்ஸ் சொல்றியாம்மா? மத்தியானத்துக்குள்ள டைப் அடிச்சுடறேன்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. மாமனார் திருவேங்கடம். எழுபத்தாறு வயது. மேஜை முன்னால் உட்கார்ந்து பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திருவேங்கடம் முப்பத்தெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர். ஐந்து ஜெனரல் மேனேஜர்களுக்கு டிக்டேஷன் எடுத்தவர். அவர் கை படாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் வெளியே போனதில்லை. கட்டடச் சொஸைட்டிக்குப் புகார், முனிசிபாலிட்டிக்கு மனு, ஸ்கூலுக்கு லீவ் லெட்டர், எல்லாம் அவர் ட்ராஃப்ட்தான். கட்டடத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் வருவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே ஸ்ரீலேகாவின் ஆபீஸ் காகிதங்களும் அந்த மேஜைக்குப் போக ஆரம்பித்தன. டிசம்பரில் அவள் சமையல் பண்ணிக்கொண்டே நாலு விஷயம் சொல்வாள். அவர் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு, பத்து விரலாலும் டைப் அடித்து, ஃபைலாக்கி அனுப்பிவிடுவார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கம்பெனி வெப்சைட்டில் ஏற்றிவிடுவாள்.

இத்தனைக்கும் ஸ்ரீலேகாவின் வேலையே காகிதம் சரிபார்ப்பதுதான். கப்பலேறும் சரக்குக்கான சீட்டில் துறைமுகத்தின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரான் காகிதத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவள், தன் காகிதத்தைப் பார்த்ததில்லை. மாமனார் எழுதியதில் குற்றம் பார்ப்பதா என்ற மரியாதை. சோம்பலும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

"பத்து நிமிஷம் மாமா" என்றவள், லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்துத் திறந்தாள். மேடத்தோடு சண்டை போட ஆதாரம் தேடித்தான் பழைய ஃபார்ம்களை எடுத்தாள். ஆறு வருஷத்து ஃபார்ம்கள் வரிசையாக வந்தன.

எதிரே மானசா காதில் ஒயரோடு பிரெட் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகள். அகமதாபாத்தில் ஒரு டிசைன் காலேஜுக்கு நவம்பரில் விண்ணப்பம் போட்டுவிட்டு, இன்டர்வியூ அழைப்பு வராத எரிச்சலில் பத்து நாளாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

முதல் எட்டு கேள்விக்கும் பதில் பிரமாதம். 'இவ்வளவும் நானா பண்ணினேன்' என்று ஸ்ரீலேகாவுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்பதாவது கேள்விக்கு வந்தாள். பதவி உயர்வுக்கும் வேறு ஊர் மாற்றலுக்கும் உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

பதில் கச்சிதமான இங்கிலீஷில் இருந்தது. தற்போதைய பதவியில் எனக்கு முழுத் திருப்தி. குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டு எந்தப் பதவி உயர்வுக்கும் என் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் மறுபடியும் படித்தாள். அடுத்த வருஷத்து ஃபார்மைத் திறந்தாள். அதே பதில். அதற்கடுத்த வருஷம், அதே பதில். ஆறு வருஷமும் ஒரு சொல்கூட மாறவில்லை.

காஸில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மானசாதான் ஓடிப்போய் அணைத்தாள்.

"க்யா ஹுவா அம்மா? ஏன் இப்டி உக்காந்திருக்கே?"

ஸ்ரீலேகா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.  மேடத்தின் நம்பரை அழுத்தினாள்.

ருக்சானா மேடம் ஊரில்தான் இருந்தார். "படித்துவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மேடம், அது நான் எழுதின பதில் இல்ல" என்றாள் ஸ்ரீலேகா இந்தியில்.

 மேடம் நிதானமாகவே பேசினார்.

"ரெண்டு வருஷம் முன்னால் கேண்டீனில் உங்களை நேராகவே கேட்டேனே, ஞாபகம் இருக்கா? சென்னை ஆபீஸுக்கு ஆள் தேடுகிறோம், உங்கள் ஃபார்மில் எழுதியிருக்கிறதுதான் உங்கள் முடிவா என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

ஸ்ரீலேகாவுக்கு ஞாபகம் இருந்தது. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள். 'ஃபார்மில் இருக்கிறதுதான் மேடம் என் பதில்.' மேலே போகச் சம்மதம் என்றுதான் மாமா எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பெருமையாகவே சொன்னாள். சென்னைக்கு வேறொருவர் போனார். அன்றைக்கும் மேடத்தைத்தான் திட்டித் தீர்த்தாள்.

"அந்தச் சென்னை நாற்காலி மறுபடி காலி" என்றார் மேடம். "ரெண்டாம் தேதி முடிவு. முப்பத்தொன்றுக்குள் வருகிற ஃபார்மை வைத்துத்தான் பட்டியல். இந்தத் தடவை விட்டால் அடுத்தது எப்போது என்று எனக்கும் தெரியாது. ஃபார்மில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நான் நம்ப முடியும், ஸ்ரீலேகா."

போனை வைத்தபோது ஸ்ரீலேகாவுக்கு அழுகை வரவில்லை.  அழுகிற கட்டத்தைத் தாண்டிய கோபம் அது. ஐந்து நாளாக ருக்சானாவையும், ஒரு பாவமும் அறியாத சாதனாவையும் மனசுக்குள் வைதுகொண்டிருந்தாள். எதிராளி கூடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறான் என்று யார் கண்டது.

நேரே போய் லேப்டாப்பை மாமனார் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதை யார் எழுதினா?"

திருவேங்கடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நான் டைப் அடிச்சதுதான்."

"எனக்கு ப்ரமோஷன் வேண்டாம்னு உங்ககிட்ட நான் எப்போ சொன்னேன்? சமையல்கட்டுலேர்ந்து சொன்ன நாலு பாயிண்ட்ல இது எதுல வரது?"

"நீ சொல்லலை."

"அப்போ நீங்களா எழுதினேளா?"

கிழவருக்கு முகம் சிவந்தது. "நான் ஸ்டெனோம்மா. சொந்தமா ஒரு வார்த்தை எழுத மாட்டேன். டிக்டேஷன் குடுத்தாத்தான் எழுதுவேன். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ரிடயர் ஆனப்புறமும் அப்படித்தான்."

"யாரு குடுத்தா டிக்டேஷன்?"

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட ஷார்ட்ஹேண்ட் நோட்டுகள், வருஷவாரியாக. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும், டிக்டேஷன் கொடுத்தவரின் இனிஷியலும் போடுவது அவர் தொழில் பழக்கம். பிறகு வம்பு வந்தால் யார் சொன்னது என்று தெரிய வேண்டுமல்லவா. இத்தனை வருஷத்தில் வம்பு வந்தது இன்றைக்குத்தான்.

"பதினெட்டு டிசம்பர், ரெண்டாயிரத்துப் பத்தொன்பது" என்று வாசித்தார். "கேள்வி ஒன்பது. டிக்டேஷன், ஏ.டி."

அந்த இனிஷியலை விளக்க வேண்டியதில்லை. அவர் மகன், அவள் புருஷன், அனந்த் திருவேங்கடம்.

"அடுத்த வருஷம்?"

"போன வருஷம் போலவே. ஏ.டி."

"அதுக்கடுத்தது?"

"போன வருஷம் போலவே." அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "எல்லா வருஷமும் அதேதான்மா. நான் அவனைக் கேட்டேன், அவளுக்குத் தெரியுமான்னு. நாங்க பேசிண்டாச்சுன்னான். அதுக்கு மேல கேட்க ஸ்டெனோவுக்கு உரிமை இல்லை."

"ஸ்டெனோவுக்கு வேற ஒரு கடமை இருக்கே மாமா" என்றாள் ஸ்ரீலேகா. குரல் உயரவில்லை. "கையெழுத்துப் போடறவாளுக்கு முதல்ல படிச்சுக் காமிக்கணும்னு நீங்கதானே மானசாவுக்குச் சொல்லிக் குடுத்தேள்? ஆறு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குப் படிச்சுக் காமிச்சேளா?"

திருவேங்கடம் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தார். ஐந்து ஜெனரல் மேனேஜர்கள் சேர்ந்து கண்டுபிடிக்காத தவறை மருமகள் கண்டுபிடித்துவிட்டாள்.

மணி பதினொன்றரைக்கு அனந்த் வந்தான். தாதரில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மிக்ஸி துணிப்பையில் இருந்தது. தேசிய வங்கி ஒன்றில் மேனேஜர். நல்லவன், குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான். இந்த மாதிரி நல்லவர்கள் சத்தம் போடாமல் செய்கிற காரியங்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

"மோட்டார் மாத்திட்டான். இனிமே ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று உள்ளே நுழைந்தவன், மூன்று பேர் முகத்தையும் பார்த்து நின்றான். மேஜைமேல் நோட்டுகள் பரப்பிக் கிடந்தன. அவன் முகத்தில் ரத்தம் இறங்கியதை மானசாகூடப் பார்த்தாள்.

"ஏ.டி." என்றாள் ஸ்ரீலேகா. "வாங்கோ ஏ.டி. சார். இந்த வருஷத்து டிக்டேஷன் பாக்கி இருக்கு."

"ஸ்ரீ, உள்ள வா. பேசலாம்."

"இங்கேயே பேசு. ஆறு வருஷமா இந்த மேஜையிலதானே பேசினே."

அனந்த் பையைக் கீழே வைத்தான். "அப்போ அம்மா படுத்த படுக்கையா இருந்தா. நீ சென்னை, கொல்கத்தான்னு போயிட்டா அம்மாவை யார் பாத்துப்பா?"

"அந்த வருஷம் என்னைக் கேட்டிருந்தா நானே வேண்டாம்னுதான் எழுதியிருப்பேன். அம்மாவுக்கு மூணு வேளையும் ஊட்டினது இந்தக் கைதான். அம்மா போய் நாலு வருஷமாச்சு, அனந்த். அப்புறம் எதுக்கு போன வருஷம் போலவே?"

"மானசாவோட டென்த். அப்புறம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். எப்பவும் ஏதாவது ஒண்ணு இருந்தது. எப்படியும் நீ வேண்டாம்னுதான் சொல்லியிருப்பே."

"அப்போ கேக்கறதுக்கு என்ன பயம்?"

 அனந்த் துணிப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நான் விடலையா?" என்றான் திடீரென்று. அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தடவை ப்ரமோஷன் வந்தது. குவாஹாத்தின்னான், ராஞ்சின்னான். பாம்பேயை விட்டு, இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன். எனக்குக் கீழ இருந்தவன்லாம் இன்னிக்கு டி.ஜி.எம். நான் ஏதாவது சொன்னேனா? யார் மேலயாவது எரிஞ்சு விழுந்தேனா? வீடுன்னா யாராவது விட்டுக்குடுக்கத்தான் வேணும். நான் விட்டேன். நீயும் விட்டா என்ன?"

இந்த நியாயத்தை அவன் ஆறு வருஷமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தான். அதனால்தான் அத்தனை சரளமாக வந்தது.

ஸ்ரீலேகா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ விட்டது உன் கையெழுத்துல. நான் விட்டது உன் டிக்டேஷன்ல. ரெண்டும் ஒண்ணா?"

அனந்த் சுவரைப் பார்த்தான்.

"நீ வேண்டாம்னு எழுதினப்போ அது தியாகம். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிண்டே. எனக்கு அந்தப் பேர்கூடக் குடுக்கலையே நீ. நான் லாயக்கில்லாதவ, அதனாலதான் மேல வரலைன்னு ஆறு வருஷம் ராத்திரி ராத்திரி உன் பக்கத்துலயே படுத்துண்டு அழுதேன். நீ முதுகைத் தடவிக் குடுத்தே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் ஸ்ரீன்னே. ஞாபகம் இருக்கா? அதைச் சொல்லிட்டு, மறுநாள் இங்க வந்து உக்காந்து போன வருஷம் போலவேன்னும் சொல்லியிருக்கே."

"நீ போயிடுவியோன்னு பயமா இருந்தது" என்றான் அனந்த். அந்த வீட்டில் அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"பயம்னா பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லணும். என் ஆபீஸுக்கு எழுதக் கூடாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். இந்த வருஷத்து ஃபார்ம் வெறுமையாகத் திறந்தது. திருவேங்கடம் பழக்கதோஷத்தில் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, பென்சிலோடு காத்திருந்தார்.

"வேண்டாம் மாமா. நானே அடிச்சுக்கறேன்."

அவர் பென்சிலை வைத்துவிட்டார். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க ஸ்ரீலேகாவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நாள் இது இல்லை.

எட்டு கேள்விக்கும் பதில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு விரலால் டைப் அடிப்பவள் அவள். பதினெட்டு வருஷத்தில் தான் என்னென்ன செய்தோம் என்று முதல் தடவையாகத் தானே யோசித்து எழுதினாள். சில இடங்களில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள். குளோரின் வாடை அடித்ததால் நிறுத்திவைத்த கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாகப் பேசி மீட்டது நினைவுக்கு வந்தது. மாமனாரின் கச்சித இங்கிலீஷில் அது ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. அவள் அவரிடம் சொன்னதும் இல்லை. சமையல்கட்டிலிருந்து அதையெல்லாம் எப்படிச் சொல்வது.

யாரும் சாப்பிடவில்லை. அனந்த் பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தான்.

ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் விரல் நின்றது. சென்னை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தனி வீடு, தனிச் சமையல், மாதம் இரண்டு தடவை ரயில். ஒருவேளை இந்த வீட்டில் பழையபடி எதுவும் இருக்காது. ஆனால் பழையபடி என்று நாம் நினைத்திருந்ததே உண்மை இல்லை என்று இன்று காலை தெரிந்துவிட்டதே.

அடித்து முடித்து எழுந்து நின்றாள்.

"படிச்சுக் காமிக்கறேன். எல்லாரும் கேட்டுக்கோங்கோ. பின்னாடி யாரும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியதை அவர்களுக்குப் புரிகிற தமிழிலேயே சொன்னாள். "எனக்குச் சம்மதம். சென்னை ஆனாலும் சரி, வேற எந்த ஊர் ஆனாலும் சரி. போன ஆறு வருஷம் இந்த இடத்துல இருந்த பதில் என்னோடது இல்லை. அதைப் படிக்காம அனுப்பினது மட்டும்தான் என் தப்பு."

மூன்று பேரையும் பார்த்தாள்.  குனிந்து அனுப்பிவிட்டாள்.

"ஸ்ரீ" என்றான் அனந்த். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீயுமா அதைச் சொல்றே?" என்றாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

அப்போதுதான் மானசா காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். அத்தனை நேரமும் அதில் பாட்டு ஓடவே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து தாத்தாவின் மேஜைக்கு வந்தாள்.

"தாத்தா, நவம்பர்ல என்னோட காலேஜ் ஃபார்ம். நீங்கதானே டைப் பண்ணினேள்? பப்பாதானே அப்லோட் பண்ணினா?"

திருவேங்கடம் மகனைப் பார்த்தார். மகன் துணிப்பையிலிருந்த மிக்ஸியைப் பார்த்தான்.

"என் கிளாஸ்ல நாலு பேருக்கு இன்டர்வியூ வந்தாச்சு. எனக்கு மட்டும் வரலை" என்றாள் மானசா.  "எந்த ஊர் காலேஜ்னு அதுல என்ன எழுதியிருக்கு தாத்தா? அதுவும் இந்த நோட்டுலதானே இருக்கு?"

கிழவரின் கை நோட்டின்மேல் அப்படியே இருந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை. ஸ்ரீலேகா வந்து, அந்தக் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தாள். நவம்பர் மாதத்துப் பக்கத்தைத் தேடித் திருப்பினாள். அவளுக்குப் புரியாத கோடுகளும் வளைவுகளும். தலையில் இருந்த இரண்டு எழுத்து மட்டும் நன்றாகப் புரிந்தது.

"படிங்கோ மாமா" என்றாள். "கையெழுத்துப் போட்டவ இங்கதான் நிக்கறா."